முதுகில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும்: இது அக்கியா?

அம்மாவுக்கு 61 வயது, மூன்று நாளாக இடப்பக்க முதுகில் எரிச்சல், நேற்று மாலை அதே இடத்தில் கொத்தாகக் கொப்புளங்கள், அலர்ஜி மாத்திரைக்கும் அடங்கவில்லை, அக்கியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே என் அப்பாவிடம் பார்த்தவன். அக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன் இருக்கும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நாங்கள் அந்த நேரத்தைத் தவறவிட்டோம். அப்பாவுக்கு வலது விலாவில் வலி தொடங்கியபோது தோலில் ஒன்றுமே இல்லை. அரிசி மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம், உப்பு ஒத்தடம் கொடுத்தோம். பனியன் துணி பட்டால்கூடத் துடித்தார். இரண்டு விரலால் பனியனை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி நாற்காலியிலேயே இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அந்த இடம் சிவந்து, சிவப்பின்மேல் நீர்க்கொப்புளங்கள் திராட்சைக் கொத்துபோல எழும்பின. பெரியம்மா பார்த்தவுடன் "அக்கிதான்" என்றார். அவர் கண்டுபிடித்தது சரி. அடுத்துச் செய்ததுதான் தவறாகிவிட்டது. மண்பாண்டம் செய்யும் ஊர் வேளாரிடம் அழைத்துப் போய் மூன்று நாள் காலையில் புண்ணின்மேல் காவிமண் எழுதினோம். குழைத்த காவி முதலில் குளுமையாக இருக்கிறது என்று அப்பாவே சொன்னார். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதினார், காசுகூட வாங்கவில்லை. ஆனால் காவிக்கு வைரஸைத் தடுக்கும் சக்தி இல்லை. உடைந்த கொப்புளத்தில் மண் காய்ந்து ஒட்டிக்கொண்டு, சீழ் வைத்துவிட்டது. மருத்துவமனையில் செவிலியர் உப்புநீரில் நனைத்த பஞ்சை வைத்து வைத்து அதை ஊறவைத்து எடுத்தபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? வலியோ எரிச்சலோ முன்னால் வரும், தோலில் தடிப்பு ஓரிரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை கழித்துத்தான் தெரியும். உடம்பின் ஒரே பக்கத்தில், முதுகெலும்பிலிருந்து முன்பக்கம் நோக்கி ஒரு பட்டைபோல ஓடும், நடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டாது. அந்தப் பட்டை ஒரு நரம்பு போகும் பாதை. அலர்ஜித் தடிப்பு அப்படி வருவதில்லை. அது இங்கும் அங்குமாக இரு பக்கமும் வரும், வலியைவிட அரிப்புதான் அதிகம். சின்னம்மை உடம்பெங்கும் பரவும். ஒரே நேரத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் அதில் பார்க்கலாம். மணல்வாரி என்னும் தட்டம்மையில் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு முன்னால் வந்து, தடிப்பு காதோரத்திலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். அக்கியோடு அதிகம் குழம்புவது தூக்கத்தில் தோலில் நசுங்கும் ஒருவகைச் சிறு வண்டின் நீரால் வரும் புண். அது காலையில் எழும்போதே கோடிழுத்ததுபோலத் தெரியும், முன்னால் வலி இருந்திருக்காது.

முன்பு எப்போதாவது சின்னம்மை போட்டவர்களுக்குத்தான் பொதுவாக அக்கி வரும். அந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் பதுங்கிக் கிடந்து, வயதாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. இங்கிலாந்தில் ஹோப்-சிம்ப்சன் என்ற குடும்ப மருத்துவர் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1965இல் முன்வைத்த விளக்கம் இது. ஆகவே சூட்டினாலோ சாமி குற்றத்தாலோ வருவதில்லை. அக்கி இடுப்பைச் சுற்றி இரண்டு முனையும் சேர்ந்தால் உயிர் போகும் என்று யாராவது சொல்லி அம்மாவைப் பயமுறுத்தினால், தயவுசெய்து தடுங்கள். அப்பா அந்தப் பயத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அப்பாவுக்குக் கொடுத்தது அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, போட்டதும் கோடு அடித்தோம். வேளை தவறக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். எரிச்சலுக்கு, சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து, பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். வேறு எதையும்விட அப்பாவுக்கு ஆறுதலாக இருந்தது அதுதான். பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள். உடையாத கொப்புளத்தின்மேல் கலமைன் லோஷன் தடவலாம். குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் போதும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதாவிட்டால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு. புண் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் வயதானவர்களுக்குச் சில சமயம் வலி மட்டும் மாதக்கணக்கில் தங்கிவிடும். அப்பாவுக்கு எட்டு மாதம் தங்கியது.

நெற்றியிலோ கண்ணோரத்திலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும், பார்வையே பாதிக்கப்படலாம். காதில் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை மூடி வையுங்கள். சின்னம்மை வராதவர்களுக்கு அந்த நீர் பட்டால் சின்னம்மை வரலாம். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் தள்ளியிருக்கட்டும். 50 வயது கடந்தவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் என்ற தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை அதிகம்தான், ஆனாலும் என் அம்மாவுக்குப் போட்டுவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு இது ஆறிய பிறகு கேளுங்கள்.

இன்று போகும்போது அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருந்தின் அளவை மருத்துவர் குறைத்துக் கொடுப்பார்.