நின்ற இடத்திலிருந்து எழுதுவோம்: தன்வரலாறு குறித்த கேள்வி பதில்

மாதுங்காவில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் எழுத்துக் குழுவில், தம் வாழ்க்கையை எழுத விரும்பும் மும்பைத் தமிழர்கள் சிலர் கேட்ட கேள்விகளும், பல ஆண்டுகளாக அத்தகைய கையெழுத்துப் படிகளைப் படித்துத் திருத்தி வரும் நான் அளித்த பதில்களும் இவை.

கேள்வி (செம்பூர்): பிறந்ததிலிருந்து வரிசையாக எழுதத் தொடங்கினேன். பத்துப் பக்கத்தோடு நின்றுவிட்டது. எங்கே பிசகு?

பதில்: நீங்கள் பிறந்த கதை நீங்கள் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது. பேனா நகராததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். தாதரில் ரயிலை விட்டு இறங்கிய அன்று டிரங்குப் பெட்டியை யார் தூக்கினார்கள், முதல் இரவு எத்தனை பேருடன் ஒரே அறையில் படுத்தீர்கள், விடியற்காலையில் குழாயடியில் உங்களுக்காக யார் குடம் போட்டு வைத்தார்கள் என்று ஒரே ஒரு நாளை எழுதுங்கள். வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (கலீனா): 2005 பெருமழையில் கழுத்தளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்ததை எழுதினேன். அன்று கொலாபாவில் வேலையில் இருந்த என் தம்பி, ‘அவ்வளவு மழையே இல்லை, கூட்டி எழுதுகிறாய்’ என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரி. ஜூலை 26 அன்று தொடங்கிய அந்த மழை, 24 மணி நேரத்தில் உங்கள் கலீனாவை ஒட்டிய சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 944 மி.மீ. பதிவானது. அதே நேரத்தில் கொலாபாவில் பதிவானதோ ஏறத்தாழ 73 மி.மீ. மட்டுமே. ஒரே நகரத்தில், ஒரே நாளில், அண்ணன் கண்டது வெள்ளம், தம்பி கண்டது வழக்கமான ஆடி மாத மழை. நினைவுக் குறிப்பில் உண்மை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: எங்கே நின்று பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டால், நீங்கள் கண்டது பொய்யாகாது. தம்பியின் மறுப்பை நீக்காதீர்கள், அவர் சொன்ன சொற்களிலேயே உங்கள் அத்தியாயத்தில் சேருங்கள். அது உங்கள் கதையைக் குறைக்காது, அந்த நாளை முழுமையாக்கும்.

கேள்வி (தாராவி): திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘உன் கதையைச் சொல்’ என்றால், ‘என்னத்தச் சொல்ல’ என்று எழுந்து போய்விடுகிறார்.

பதில்: கதையைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள். எங்கள் குழுவில் ஒரு பெண், தம் தாயாரின் பித்தளைக் குடத்தை அவர் மடியில் வைத்து, குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த எழுத்து யாருடையது என்று மட்டும் கேட்டார். அது தாயாரின் பெயரே இல்லை. ஊருக்குத் திரும்பிப் போன பக்கத்து அறைக்காரி விட்டுச் சென்ற குடம் அது. அவள் ஏன் போனாள், எந்தக் கைமாற்றுக்கு ஈடாக அந்தக் குடத்தைத் தந்தாள் என்று தாயார் இரண்டு மணி நேரம் பேசினார், மகள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். உங்கள் அம்மா அறையைக் ‘கோலி’ என்றால் கோலி என்றே எழுதுங்கள், அவர் பேச்சைச் செந்தமிழாக்க வேண்டாம். கேட்டு எழுதும் மகளாக நீங்களும் அந்த எழுத்தில் தெரிய வேண்டும்.

கேள்வி (முலுண்ட்): பெரியப்பா எங்கள் அப்பாவின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டார். அவர் இறந்துவிட்டதால் தாராளமாக எழுதலாம் அல்லவா?

பதில்: இறந்தவரைப் பற்றி எழுதுவதற்குத் தடை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள், அது தவறு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவின்படி, குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அவதூறாகலாம். உண்மை என்பதோடு, பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்றும் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே அச்சிடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கும் முன்பாக, பெரியப்பாவின் பிள்ளைகளிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். அப்பா அன்று பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்ததை நீங்கள் கண்டீர்கள், எழுதுங்கள். பெரியப்பாவின் மனத்தில் இருந்ததை நீங்கள் காணவில்லை.

கேள்வி (வாஷி): காலமான என் மாமா எனக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்களை அப்படியே சேர்க்கலாமா?

பதில்: தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை அவருடையது. அவர் காலமான பின்னும் அது வாரிசுகளுக்கு உண்டு. அத்தையிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (சயான்): பம்பாய் என்று எழுதுவதா, மும்பை என்று எழுதுவதா?

பதில்: 1995க்கு முந்திய நிகழ்ச்சியானால் பம்பாய் என்றே எழுதுங்கள். அன்று உங்கள் வாயில் அதுதானே வந்தது.

கேள்வி (மாதுங்கா): எனக்கு 78 வயது. முடிப்பேனா என்ற அச்சத்தில் தொடங்கவே இல்லை.

பதில்: உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை 1940இல், 85 வயதை ஒட்டித்தான், ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. ஆயினும் எழுதிய ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் நிறைவாக நின்றதால், இன்றுவரை நாம் படிக்கிறோம். நீங்களும் வாரத்துக்கு இரண்டு பக்கம், ஒரு வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி என்று எழுதித் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முதல் இரண்டு பக்கத்தைக் கொண்டு வாருங்கள் ஐயா, கண் வலித்தால் நான் வாசிக்கிறேன்.