அடையாளத்தை விடுங்கள், ஒரு வாரத்தை எடுங்கள்

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிக்கானோ (அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர்), லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) ஆய்வுகள் வகுப்பு மிகவும் பிடித்துவிட்டது. 'அமெரிக்காவில் லத்தீனோ அடையாளம்' பற்றி ஆராய ஆசை. தமிழ்ப் பெண்ணான நான் இதில் இறங்கலாமா? எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாக இறங்கலாம். ஆனால் அந்தத் தலைப்பு பத்துப் பேராசிரியர்களின் ஆயுளுக்குப் போதும். உங்களுக்கு இருப்பது ஒரு கல்விப் பருவம்.

உங்கள் ஊரிலேயே பொருள் கிடக்கிறது. 1968 மார்ச்சில் ஏறத்தாழ ஒரு வாரம் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். இருமொழிக் கல்வி, பாடத்தில் மெக்சிகோ வம்சாவளியினரின் வரலாறு என்று கேட்டார்கள். வில்சன் பள்ளியில் போராட்டத் தீ பற்றியதோ, மாணவர் நாடகம் ஒன்றை முதல்வர் ரத்து செய்ததால்! ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உட்பட 13 பேர் மீது சதி வழக்கு பாய்ந்தது. நீங்கள் படிக்கும் துறையே இந்தக் கொந்தளிப்பில் பிறந்ததுதான்.

அந்த ஒரு வாரத்தை நகரத்தின் பெரிய நாளிதழ் எப்படி எழுதியது, இயக்கத்தின் பத்திரிகையான 'லா ராசா' எப்படி எழுதியது? யாருடைய பேச்சு அச்சேறியது, யாருக்குப் படம் மட்டும் கிடைத்தது? இது முடிக்கக்கூடிய கேள்வி. லா ராசா புகைப்படக்காரர்களின் 25,000க்கும் மேற்பட்ட படங்கள் யு.சி.எல்.ஏ.வின் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலிஸ்) சிக்கானோ ஆய்வு மையத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் ஆவணக் காப்பாளருக்கு எழுதுங்கள். இணையதளத்தின் தேடுபெட்டி காட்டாததை அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

பேராசிரியருக்கு 'எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். எல்லோரும் அதையே அனுப்புகிறார்கள். கேள்வி, பார்த்த ஆவணங்கள், தீராத ஒரு சந்தேகம் மூன்றையும் அரைப்பக்கத்தில் எழுதி, அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் நேரில் போங்கள்.

பிறப்பு தடையில்லை, ஸ்பானிஷ் தெரியாததுதான் தடை. இந்தப் பருவமே வகுப்பில் சேருங்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி விவசாயிகள் மெக்சிகப் பெண்களை மணந்து உருவான குடும்பங்களைப் பற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அருமையான பொருள்தான், இந்தியர் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

அன்று வெளிநடப்புச் செய்தவர்களைப் பேட்டி காண ஆசை வரும். அதற்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், வாரக்கணக்கில் இழுக்கலாம். முதல் கட்டுரைக்குக் காகிதங்களே போதும்.