கிஹூன் அந்த விமானத்தில் ஏறியிருக்கலாம்

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். கடனில் மூழ்கியவர்கள் பெரும் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்துச் சிறுவர் விளையாட்டு ஆடும் கொரியத் தொடர் ‘ஸ்க்விட் கேம்’. 2021-ல் அதன் முதல் சீசன் வந்தபோது என் தம்பி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது எபிசோடையும் இரண்டே ராத்திரியில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். இப்போது அவன் புனேயில் இருக்கிறான். மூன்றாவது சீசனை அவரவர் வீட்டில் தனியாகத்தான் பார்த்தோம். கடைசியில் கதாநாயகன் கிஹூன் விழுந்து செத்ததும் அழ ஆரம்பித்தேன், விடியும்வரை நிற்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில்கூடக் கண் கலங்கியது. “எங்கேயோ கொரியாக்காரன் செத்ததுக்கு இங்கே துக்கமா?” என்று கணவர் சிரிக்கிறார். தம்பிக்குப் போன் செய்து, “அந்த மனுஷன் மகள்கிட்டப் போயிருக்கணும்டா, இப்படிச் சாகடிச்சிருக்கக் கூடாது” என்றேன். “இதைவிட நல்ல முடிவு கிடையாதுக்கா. அப்பா மாதிரி ஓடாம நின்னான்ல” என்றான். நான் பத்தாவது படிக்கும்போது சீட்டுக் கடனுக்குப் பயந்து வீட்டைவிட்டுப் போனவர் எங்கள் அப்பா. திரும்பி வரவே இல்லை. அவரை ஏன் இதில் இழுக்கிறாய் என்று கத்திவிட்டேன். வார்த்தை தடித்துவிட்டது. மூன்று மாதமாகப் பேச்சில்லை. ஒரு சீரியலுக்காக இவ்வளவு அழுவதும், கூடப் பிறந்தவனோடு சண்டை போடுவதும் சரிதானா? எனக்கு ஏதாவது கோளாறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோளாறு எதுவும் இல்லை. (தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் இந்தப் பதிலைப் பிறகு படிக்கவும். முடிவைப் பேசாமல் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது.)

திரையில் பார்க்கும் ஒருவரை நமக்கு நெருக்கமானவராக மனம் எடுத்துக்கொள்வதைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது தொலைக்காட்சியே புதுசு. வாராவாரம் வீட்டுக்குள் வந்து நம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவரோடு ஓர் உறவு உண்டாகிறது, அவருக்கு நம்மைத் தெரியாது, ஆனாலும் நம் பக்கத்தில் அது உறவுதான் என்றார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை ஆராய்ச்சி வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கர்ண மோட்சம் கூத்து நடக்கும் இரவில், கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்தே பாயை விரித்து உட்கார்ந்து, அவன் சாகும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் யாரும் “உனக்குக் கோளாறா?” என்று கேட்டதில்லை.

கிஹூனோடு நீங்கள் நான்கு வருடம் இருந்திருக்கிறீர்கள். 2021 செப்டம்பரில் முதல் சீசன், 2024 டிசம்பரில் இரண்டாவது, 2025 ஜூன் 27-ல் மூன்றாவது. எல்லாம் சேர்த்து 22 எபிசோடு. மூன்றாவது சீசன் வந்த முதல் மூன்று நாளில் மட்டும் உலகம் முழுக்க 6 கோடிப் பார்வைகள் என்று நெட்ஃபிளிக்ஸ் கணக்குச் சொன்னது. அந்த வார இறுதியில் தலையணையை நனைத்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

உங்கள் கணவர் சிரிப்பதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அவர் அந்த 22 எபிசோடைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். “சிரிச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு” என்று ஒரு முறை நேராகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

சரி, இப்போது கிஹூனுக்கு வருகிறேன். நானும் முழுசாகப் பார்த்தவள். உங்கள் கோபத்தை அப்படியே ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

முதல் சீசன் முடிவு நினைவிருக்கிறதா? ஆட்டத்தில் ஜெயித்து, 4,560 கோடி வோன் வங்கியில் கிடக்க, தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, அமெரிக்காவில் இருக்கும் மகள் கா-யோங்கைப் பார்க்க விமான நிலையம் போவார். விமானத்தில் ஏற வேண்டிய நேரத்தில் திரும்பி நடப்பார். அந்த நிமிடமே நம் மனதில் ஒரு கடன் ஏறிவிட்டது: இந்த மனிதன் ஒருநாள் மகளிடம் போயாக வேண்டும். நீங்கள் நான்கு வருடமாகக் காத்திருந்தது அதற்குத்தான். தொடரை எழுதி இயக்கிய ஹ்வாங் டாங்-ஹ்யூக்கும் முதலில் அப்படித்தான் யோசித்திருக்கிறார். கிஹூன் உயிரோடு வெளியே வந்து அமெரிக்காவுக்குப் போய் மகளைப் பார்ப்பதாகத்தான் ஆரம்பத்தில் மனதில் வைத்திருந்ததாகவும், எழுத எழுத அது மாறியதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே நீங்கள் எதிர்பார்த்தது ஏதோ ரசிகையின் அசட்டு ஆசை இல்லை. அந்தக் கதைக்குள் ஒரு காலத்தில் இருந்த முடிவு அது.

ஆனால் எழுத்தாளர் ஏன் மாற்றினார் என்பதையும் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

கிஹூன் யார்? கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டு, வேலைநிறுத்தத்தில் நின்று அடி வாங்கியவர். இதற்கு அடியில் நிஜச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 2009-ல் கொரியாவின் சாங்யோங் மோட்டார் நிறுவனம் 2,646 பேரை வேலையைவிட்டு எடுப்பதாக அறிவித்தது. தொழிலாளர்கள் பியோங்டேக் ஆலைக்குள்ளேயே 77 நாள் உட்கார்ந்து போராடினார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அடித்துக் கலைத்தது. அந்தத் தொழிலாளியை மனதில் வைத்துத்தான் கிஹூனை உருவாக்கினேன் என்று ஹ்வாங் சொல்லியிருக்கிறார். அவர் இந்தக் கதையை எழுதிய காலமும் அதுதான். 2009-ல் திரைக்கதை கையில் இருந்தது, பணம் போட ஒருவரும் வரவில்லை. வீட்டில் அவர், அம்மா, பாட்டி எல்லோருமே கடனில் இருந்த நாட்கள். கடன் என்றால் என்னவென்று வீட்டுக்குள் பார்த்தவர் எழுதியது, சகோதரி. உங்களுக்கு அது சட்டென்று புரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதல் சீசனில் ஒரு சின்ன இடம் வரும். அம்மாவின் சிகிச்சைக்குப் பணம் கேட்டுப் பழைய மனைவியிடம் போவார் கிஹூன். குழந்தை பிறந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று அவள் கேட்பாள். கண் முன்னே கூட வேலை பார்த்தவன் செத்துக்கொண்டிருந்தான், எப்படி விட்டுவிட்டு வருவேன் என்பார் இவர். தன் மகள் பிறந்தபோது பக்கத்தில் இல்லாத மனிதன். மூன்றாவது சீசனில், கண்ணாமூச்சி ஆட்டத்தின் நடுவே, ஆட வந்த கர்ப்பிணிப் பெண் ஜுன்-ஹீக்குக் குழந்தை பிறக்கிறது. இரண்டாம் சீசனில் செய்த கலகம் தோற்று, நண்பனைப் பறிகொடுத்து, கலகத்தில் பயந்து பின்வாங்கிய டே-ஹோவைக் கழுத்தை நெரித்துக் கொன்று, வாழவே பிடிக்காமல் கிடக்கும் கிஹூனிடம், பெற்ற மகனையே குத்தி அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய கும்-ஜா பாட்டி கையேந்தி நிற்கிறாள்: தாயையும் பிள்ளையையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த ஆளுக்கு உயிரே திரும்புகிறது. இந்த முறை அவர் பக்கத்தில் இருந்தார். என்னை அதிகம் உலுக்கியது அவர் விழுந்த காட்சியைவிட இந்தக் காட்சிதான்.

இன்னொன்றையும் பாருங்கள். கடைசி ஆட்டத்துக்கு முந்தின இரவு, ஆட்டத்தை நடத்தும் முகமூடித் தலைவன் இன்-ஹோ கத்தியைக் கையில் கொடுத்து, மற்றவர்கள் தூங்கும்போதே முடித்துவிடு, நீயும் குழந்தையும் வெளியே போகலாம் என்கிறான். இன்-ஹோ தன் காலத்தில் அதைத்தான் செய்தான். செய்ததால்தான் இன்று அந்த முகமூடிக்குள் இருக்கிறான். கிஹூன் கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோய்விட்டுத் திரும்பி வருகிறார். அன்று குத்தியிருந்தால் உங்களுக்கு வேண்டிய விமானம் கிடைத்திருக்கும். ஆனால் அதில் ஏறி மகளிடம் போயிருக்கக்கூடியவர் இன்னொரு இன்-ஹோ. கடைசி ஆட்டத்தில், குழந்தை பிழைப்பதற்காகத் தான் விழப்போகும் கோபுரத்தின் விளிம்பில் நின்று “நாங்கள் குதிரைகள் இல்லை, மனிதர்கள். மனிதர்கள் என்றால்...” என்று சொல்லிப் பாதியில் நிறுத்துகிறார் பாருங்கள், முதல் எபிசோடில் குதிரைப் பந்தயத்தில் அம்மாவின் பணத்தை விட்ட அதே ஆள். அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதுக்காக அந்த எழுத்தாளருக்கு எழுந்து நின்று கை தட்டுவேன்.

அப்புறம், குறை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். இன்-ஹோவின் தம்பியான போலீஸ்காரன் ஜுன்-ஹோவைக் கப்பலில் ஏற்றி, ஆட்டம் நடக்கும் தீவை இரண்டு சீசன் முழுக்கத் தேடவிட்டார்கள், ஒரு பயனும் இல்லை. ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வரும் பணக்காரத் தங்க முகமூடிக் கனவான்கள் பேசும் வசனங்கள் காதில் விழாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். முக்கியமாக, கா-யோங். லாஸ் ஏஞ்சலீஸில் அந்தப் பெண் கதவைத் திறந்ததும் இன்-ஹோ ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். உள்ளே அப்பாவின் இரத்தக் கறை படிந்த உடையும் பணம் போட்ட அட்டையும். அவ்வளவுதான். அப்பா எதற்காகச் செத்தார், கடைசியில் எப்படிப்பட்டவராக இருந்தார் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. நமக்கெல்லாம் தெரியும், மகளுக்குத் தெரியாது. அடுத்த காட்சியில் ஹாலிவுட் நடிகை கேட் பிளாஞ்செட், ஆட்டத்துக்கு ஆள் பிடிப்பவராகத் தெருவோரம் ஒருவனைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருக்கிறார், கதை அமெரிக்கத் தெருவுக்கு நகர்ந்துவிடுகிறது. இங்கே உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. விடியும்வரை நீங்கள் அழுததில் பாதி கிஹூனுக்காக என்றால், மீதி அந்தக் கதவருகே பெட்டியோடு நின்ற பெண்ணுக்காக என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் தம்பி.

நீங்கள் தொடரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி மூன்று வரி. “அவரை ஏன் இதில் இழுக்கிறாய்” என்று கேட்டீர்களாம். எனக்கென்னவோ, தம்பி வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா உங்கள் பேச்சில் வந்துவிட்டார் என்றுதான் படுகிறது. “மகள்கிட்டப் போயிருக்கணும்டா” என்றீர்களே, அது கிஹூனிடம் மட்டும் சொன்னதா? பத்தாவது படித்த பெண் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த நாட்கள் எத்தனை இருந்திருக்கும்! திரும்பி வர வேண்டிய அப்பா வரவில்லை. திரையிலும் அதேதான் நடந்தது. எப்படித் தாங்கும்?

தம்பி வேறொன்றைப் பார்த்திருக்கிறான். கடனில் கழுத்துவரை மூழ்கிய ஒருவன், ஓடுவதற்கு வழி இருந்தும், ஒரு குழந்தைக்காக நின்ற இடத்திலேயே நின்றான். நிற்கிற அப்பாவை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் இருந்திருக்கும். அவன் “நல்ல முடிவு” என்றது கல் மனதால் இல்லை. நீங்கள் அழுத அதே இடத்தில் அவனும் அழுதிருக்கலாம், புனேயில், தனியாக. உங்களிடம் சொல்லத் தெரியாமல் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டான். வார்த்தை முரட்டு வார்த்தைதான். அக்காவிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. 2021-ல் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்த இரண்டு பேர் முடிவை ஆளுக்கொரு ஊரில் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் சண்டை அன்றைக்கே ஒரு டீயோடு முடிந்திருக்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், நீங்களே முதலில் போன் செய்யுங்கள். மூத்தவள் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, அவன் அவசரத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். கிஹூனில் ஆரம்பித்தால் மறுபடி வாதம்தான் வரும், அதனால் முதலில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். பேச்சு ஓடினால், கடைசி எபிசோடை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, போனை வைக்காமல் சேர்ந்து பாருங்கள். தமிழ்க் குரலிலேயே பார்க்கலாம், நிறுத்தி நிறுத்திப் பேச வசதி. கத்தி காட்சி வரும்போது அவன் என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். கா-யோங் கதவைத் திறக்கும்போது நீங்கள் அழுதால் அழுங்கள், அடக்க வேண்டாம்.

தூக்கம் இன்னும் சரியாகவில்லை, வகுப்பில் கண் கலங்குவது தொடர்கிறது என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தொடருக்காக அழுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

தம்பி உங்களைவிட எவ்வளவு சின்னவன் என்று கடிதத்தில் இல்லை. நீங்கள் பத்தாவது படித்தபோது அவன் சிறு பையனாகத்தான் இருந்திருப்பான். அந்த வீட்டில் அப்போது அவனிடம் யாரும் எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள். படம் ஓடி முடிந்ததும் போனை வைத்துவிடாமல், “அப்பா போன அன்னைக்கு நீ எங்கடா இருந்தே?” என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.