பி.எஸ்.ஏ. ஏறுகிறது, பயொப்சி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. இளைப்பாறிய ஆசிரியர். பி.எஸ்.ஏ. (ஆண்களின் சலப்பைக்குக் கீழுள்ள புரொஸ்டேட் சுரப்பியின் புரதம், இரத்தத்தில் பார்ப்பது) அளவு 2023இல் 4.2, 2024இல் 5.4, போன மாதம் 7.1. கிளினிக்கில் பயொப்சி (ஊசியால் சுரப்பியில் சிறு துண்டுகள் எடுத்துப் பார்ப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார் மைத்துனர். கடைசிப் பரிசோதனைக்கு இரண்டு கிழமைக்கு முதல்தான் சலக்கடுப்புக்கு மருந்து எடுத்தேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், சுன்னாகம்

பதில்: ஐயா, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய சலக்கடுப்பில்தான் என் கண் நின்றது. சலத்தில் கிருமி இருந்தால் பி.எஸ்.ஏ. தாறுமாறாக ஏறும், இறங்க ஆறு முதல் எட்டுக் கிழமை பிடிக்கும். ஆகவே அந்த 7.1ஐ நம்பி எதையும் முடிவெடுக்க வேண்டாம். அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். அதற்கு முந்திய இரண்டு அளவுகளும் ஏறித்தான் இருக்கின்றன.

எட்டுக் கிழமை கழித்து, அதே ஆய்வுகூடத்தில் மறுபடி இரத்தம் கொடுங்கள். அதற்கு முந்திய இரண்டு நாளும் நீண்ட தூரம் சைக்கிள் ஓடாதீர்கள், உடலுறவும் வேண்டாம். புரொஸ்டேட் வீக்கத்துக்கு பினாஸ்டெரைட் குடிப்பவரென்றால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது பி.எஸ்.ஏ.யைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

அப்போதும் ஏறியே இருந்தால், பயொப்சிக்கு முதல் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேளுங்கள். சுரப்பியின் பருமனும் அதில் தெரியும். பி.எஸ்.ஏ.யைப் பருமனால் வகுத்துப் பாருங்கள்: பி.எஸ்.ஏ. 6, பருமன் 60 மில்லிலீற்றர் என்றால் 0.10, பருமன் 30 என்றால் 0.20. முதலாவது பெரும்பாலும் வயதோடு வரும் வீக்கம். 0.15ஐத் தாண்டினால் சந்தேகம் கூடும். எம்.ஆர்.ஐ. ரிப்போட்டில் புற்றுநோய்ச் சந்தேகப் புள்ளி ஐந்துக்கு நான்கோ ஐந்தோ போட்டிருந்தால் பிந்தாமல் பயொப்சி எடுங்கள். ஒன்று, இரண்டு என்றிருந்து வகுத்த எண்ணும் குறைவென்றால், ஆறு மாதத்துக்கொருமுறை இரத்தம் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கலாமா என்று பேசலாம்.

நானும் ஐந்து வருடத்துக்கு முதல் அந்தக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவன்தான். விறைப்பூசி போட்டபின் நோவைவிடச் சத்தம்தான் பெரிது. ஒவ்வொரு துண்டுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம், பன்னிரண்டு முறை. நூல் துண்டுபோல வெள்ளையாக ஏதோ சின்னப் போத்தலுக்குள் போனதைப் பார்த்தேன். இரண்டு நாள் சலத்தில் இரத்தம் வந்தது. விந்தில் ஒரு மாதமளவில் பழுப்பு நிறம் இருந்தது. இவை வழமை. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மைத்துனர் சொல்வது ஊரெல்லாம் உலவும் பயம். புரொஸ்டேட் பயொப்சியால் நோய் பரவுவது மிக மிக அரிது. பயொப்சி எடுத்தால் உடனே வெட்டுவார்கள் என்பதுமில்லை. பி.எஸ்.ஏ. 4க்கும் 10க்கும் இடையில் உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரிகிறது. தெரிந்தாலும் கிளீசன் 6 (துண்டைப் பார்த்து நோயின் வீரியத்துக்குப் போடும் எண்ணில் மிகக் குறைந்த படி) என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். பி.எஸ்.ஏ. மூலம் நோய் கண்டவர்களைப் பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்த பிரித்தானிய ஆய்வு 2023இல் வெளியானது. சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கண்காணிப்பு எதுவானாலும், அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேரளவில்தான். கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டாலும் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தானே.

இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல் குடிப்பவரென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள்; டொக்டர் சொல்லட்டும். மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பயொப்சி நாளன்று அவரையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போங்கள், சைக்கிளை வீட்டில் விடுங்கள்.