வேறு மனையின் மண் அறிக்கையில் எழும்பிய வீடு

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணை கழிமுகத்துக்குப் பக்கம் 4 சென்ட் மனையில், கான்ட்ராக்டரிடம் 38 லட்சம் ரூபாய்க்குப் பேசி வீடு கட்டினோம். அதில் சாயில் டெஸ்ட்டுக்கு என்று 18,000 ரூபாய். சாவி வாங்கி 14 மாதம் ஆகிறது. போன மழைக்குப் பிறகு சமையலறை மூலையிலிருந்து ஜன்னல் வரை சுவர் படிப்படியாக வெடித்திருக்கிறது. பின்கதவைச் சாத்த முடியவில்லை. “கடற்கரை மண் கொஞ்சம் உட்காரத்தான் செய்யும், பூசித் தருகிறேன்” என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள், சகோதரி. “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி அந்தத் தாளில் இருக்கிறது. பூச்சு வேலைக்காக வழக்கையே விட்டுக்கொடுக்க வேண்டாம். விரிசலையும் யாரும் தொடக்கூடாது. இப்போதைக்கு உங்கள் சாட்சி அந்தச் சுவர்தான்.

நீங்கள் அனுப்பிய சாயில் ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன். முதல் பக்கத்தில் இருக்கும் சர்வே எண் உங்கள் பட்டாவில் இல்லை. தேதியோ உங்கள் ஒப்பந்தத்துக்கு ஏழு மாதம் முந்தையது. நிலத்தடி நீர் 2.4 மீட்டரில் என்கிறது. சம்ப் தோண்டும்போது இடுப்பளவிலேயே தண்ணீர் ஊறியதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யாருடைய மனையையோ சோதித்த காகிதத்துக்கு உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார். சேவைக் குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

“பக்கத்துத் தெரு மண்தானே” என்று அவர் வாதிடுவார். மேட்டு நிலத்தில் அதைக் கொஞ்சமாவது கேட்கலாம். கழிமுகத்தில் அது செல்லாது. ஆறு தடம் மாறி மாறி ஓடிய இடம். மேலே மணல், கீழே பழைய வாய்க்காலில் படிந்த களி. பத்தடி தள்ளினால் அடுக்கு மாறிவிடும். இந்த அறிக்கையிலோ துளையை 3 மீட்டரோடு நிறுத்தியிருக்கிறார்கள், மணலோடு. அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

ஆகவே முதல் செலவு புதிய சோதனை. பதிவு பெற்ற மண்ணியல் பொறியாளரை வைத்து, வெடித்த மூலைக்கு அருகே ஒன்று, வெடிக்காத பக்கம் ஒன்று என இரண்டு துளை போடச் சொல்லுங்கள். உறுதியான அடுக்கைத் தொடும்வரை போகட்டும். 63.5 கிலோ சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ, துளைக்குள் வைத்த சோதனைக் குழாயின் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் மண்ணின் உறுதியைக் காட்டும் ‘என்’ மதிப்பு. அந்த எண் எந்த ஆழத்தில் சடாரென்று குறைகிறது என்று பாருங்கள். களி தென்பட்டால் அதைக் குலையாமல் எடுத்து அமுங்கல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மண்ணிலும் நீரிலும் கம்பியையும் கான்கிரீட்டையும் அரிக்கும் குளோரைடு, சல்பேட் அளவும் வேண்டும். ஏனென்றால் உங்கள் ஒப்பந்தத்தில் கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்20. கடலோரச் சூழலில் உள்ள கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30. அது தனிக் குறை.

துளை போடும் நாளை முன்கூட்டியே கான்ட்ராக்டருக்கு வக்கீல் நோட்டீஸில் தெரிவித்து, “நீங்களும் வந்து பாருங்கள்” என்று அழைத்துவிடுங்கள். வராவிட்டாலும், தனக்குத் தெரியாமல் எடுத்த அறிக்கை என்று பிறகு சொல்ல முடியாது.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மணல் சுமை ஏறியதும் உட்கார்ந்துவிடும். களி அப்படியில்லை, நீரை மெல்ல மெல்ல விட்டு வருடக்கணக்கில் அமுங்கும். இன்றைய விரிசலுக்கு மட்டும் தொகை கேட்டால் நாளைய விரிசல் உங்கள் தலையில். அஸ்திவாரத்தைத் தாங்கவைக்கும் வேலைக்குப் பொறியாளரின் மதிப்பீடு வாங்கி அதைக் கோருங்கள்.

எங்கே போவது? சொந்த மனையில் வீடு கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டர் மீது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா வராது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வீடு கட்டித் தருவது சேவை. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் 1,000 ரூபாய். வீட்டை நேரில் பார்த்து அறிக்கை தர, பொறியாளர் ஒருவரை ஆணையராக நியமிக்கவும் சேர்த்தே மனு போடுங்கள். காலவரம்பு 2 ஆண்டு. குறை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு. நீங்கள் சாவி வாங்கிய நாளிலிருந்தே எண்ணுங்கள். பத்து மாதம் இருக்கிறது.

மழையை இயற்கைச் சீற்றம் என்பார். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. 2011 டிசம்பரில் தானே புயல் கடந்த கடற்கரை இது. தண்ணீர் ஏறும் என்று தெரியாமல் இங்கே கட்ட வந்தேன் என்று அவர் சொல்ல முடியாது.

புகாருக்கு முன் ஒன்றை நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து 150 மீட்டர், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்கிறீர்கள். கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், ஓதம் (கடல்நீர் ஏற்றம்) எட்டும் ஆற்றோரத்தில் 2011 அறிவிக்கையின்படி 100 மீட்டர், 2019 அறிவிக்கையின்படி 50 மீட்டர். ஆற்றின் அகலம் அதைவிடக் குறைவானால் அந்த அகலம். அளப்பது தண்ணீர் விளிம்பிலிருந்து அல்ல, வரைபடத்தில் குறித்த உயர் ஓதக் கோட்டிலிருந்து. கொச்சி மரடில் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்கள் நான்கு 2020 ஜனவரியில் இடிக்கப்பட்டது இந்த மண்டல விதிமீறலால்தான். உங்கள் சர்வே எண் அந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே நோட்டீஸ் அனுப்புவேன்.

இன்றைக்கே செய்யக்கூடியது: விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதி, அளவுகோலோடு படம் எடுங்கள். பட்டை உடைந்தால் உடைந்த தேதியையும் குறித்து வையுங்கள்.