வாங்கி வந்த லவ் பேர்ட்ஸ் மூலைக்குள் ஒதுங்கி நிற்கிறதா?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வவுனியா ரவுணில் ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி, பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்தோம். ஒன்று பச்சை, மற்றது நீலம். தலையில் கோடு கோடாக இருக்கிறது. இன்றைக்கு மூன்றாம் நாள். இரண்டும் ஒரு மூலைக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, சத்தமே இல்லை. கையை உள்ளே விட்டால் கம்பியில் அடித்துப் பறக்கின்றன. தீனிக் கோப்பை போட்டபடியே நிறைய இருக்கிறது. மகள் அழுகிறாள், "பாவம், திறந்து விடுவோம்" என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கோப்பையை வெளியே எடுத்து மெல்ல ஊதிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு உங்களிடம் இருப்பவை பட்ஜிகள், அதாவது கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் சின்னக் கிளி இனம். அவை தினையை அப்படியே விழுங்குவதில்லை. சொண்டுக்குள் உருட்டி, உமியைக் கழற்றி, அதே கோப்பைக்குள் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் அரிசியை மட்டும்தான் தின்னும். உமி மேலே படிந்துகொண்டே போவதால் கோப்பை தொடாதது போலத் தெரியும். ஊதும்போது உமி பறந்தால் தின்கின்றன என்று அர்த்தம். ஆனால், கோப்பை நிறைந்திருக்கிறதே என்று புதுத்தீனி போடாமல் விட்டு, உமிக்கு முன்னால் பட்டினி கிடந்து செத்த குருவிகளும் உண்டு. ஆகவே காலையும் மாலையும் உமியை ஊதிவிட்டுத் தீனி போடுங்கள்.

அடுத்ததாக, கூட்டின் அடித்தட்டில் வெள்ளைக் கடதாசி விரித்து எச்சத்தைப் பாருங்கள். கரும்பச்சை நிறத்தில் சுருண்டு, நடுவில் சுண்ணாம்பு போல வெள்ளை இருந்தால் பயமில்லை. மிகச் சிறிதாக, கறுத்துப் பிசுபிசுத்து இருந்தால் வயிற்றில் ஒன்றும் இல்லை. பட்ஜியின் மொத்த எடையே 30, 40 கிராம்தான். ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருப்பதை அதன் உடம்பு தாங்காது.

தின்கின்றன என்று உறுதியானால், மூன்று நாள் மௌனம் ஒரு நோயே அல்ல. கடையில் பத்துப் பதினைந்து குருவிகளின் கூச்சலுக்குள் இருந்தவை, இருட்டுப் பெட்டிக்குள் அடைபட்டு, பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கின்றன. இரையாகும் பிராணி பயந்தால் அசையாது, சத்தம் போடாது. மேலிருந்து இறங்கும் உங்கள் கை அதற்குப் பருந்து. தீனி, தண்ணீர் மாற்றுவதைத் தவிர இந்தக் கிழமை முழுவதும் கை உள்ளே போகவே கூடாது.

என் அனுபவத்தில், குருவியைப் பழக்குவதைவிடக் கூடு இருக்கும் இடத்தைச் சரிசெய்வதுதான் பாதி வேலை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் விறாந்தையில்தான் தொங்கவிடுகிறார்கள். நாலு பக்கமும் திறந்த இடத்தில் பூனையும் காகமும் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் குருவி நிம்மதியாக இருக்கும்? கூட்டை வீட்டுக்குள், ஆட்கள் இருந்து கதைக்கும் அறையில், ஒரு பக்கமாவது சுவரோடு சேர்த்து, உங்கள் கண் உயரத்தில் வையுங்கள். குசினிப் பக்கம் வேண்டாம். விறகுப் புகை, நுளம்புத்திரி, சாம்பிராணி எல்லாமே அதன் நுரையீரலுக்குக் கெடுதி. நொன்ஸ்டிக் சட்டி அடுப்பில் காய்ந்து போனால் வரும் ஆவி சில நிமிடத்திலேயே கொன்றுவிடும்.

பட்ஜி அவுஸ்திரேலியாவின் உலர்நிலப் பறவை. வன்னி வெயில் அதற்குப் புதிதல்ல. ஆனால் அங்கே அது நிழலையும் நீரையும் தேடிப் பறந்து போகும், இங்கே கூட்டுக்குள் நிற்கிறது. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் சொண்டைத் திறந்து மூச்சு வாங்கி, செட்டையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை. கூட்டை இடம் மாற்றுங்கள், ஒரு பக்கத்தில் ஈரத் துவாய் போடுங்கள், தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். இரவில் மூன்று பக்கத்தைத் துணியால் மூடினால் நன்றாக உறங்கும். சிந்திய தினையை அன்றன்றைக்கே கூட்டிவிடுங்கள். தினைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சின்னப் பாம்புக்குக் கூட்டுக் கம்பி ஒரு தடையே இல்லை.

கூட்டோடு சேர்த்துச் சின்ன மண்முட்டி ஒன்றும் தந்திருப்பார்கள். அதைக் கழற்றி வையுங்கள். முட்டி இருந்தால் உள்ளே ஒளிந்துகொள்ளும், முட்டையிடவும் தொடங்கிவிடும். ஒரு வயதாகாத பேட்டுக்கு அது நல்லதல்ல. தலைக்கோடுகள் மூக்கு வரை இறங்கி, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தால் உங்களுடையவை இன்னும் குஞ்சுதான். தண்ணீரில் கரைக்கச் சொல்லித் தந்த தூள் மருந்தும் வேண்டாம். ருசி மாறினால் குருவி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும்.

ஒரு கிழமை கழிந்து அவை கீச்சிடத் தொடங்கியதும், மகளைக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து பாடம் படிக்கச் சொல்லுங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. அவளின் குரலுக்கு அவை செட்டையை நீவிக்கொண்டு சும்மா நின்றால், பழகுகிறது. அதன்பிறகு ஒரு தினைக் கதிரையோ குரக்கன் கதிரையோ கம்பிக்கு வெளியிலிருந்து பிடிக்கட்டும். நுனியைக் கொறிக்க வரும்வரை அசையக் கூடாது. பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். சோடியாக இருப்பதால் ஒன்றுக்கொன்று துணை. தனிக்குருவியைப் போலக் கெதியாகக் கைக்கு வராது. அதற்காக ஒன்றைப் பிரித்து வைக்காதீர்கள்.

தினை, சாமையோடு கழுவிய முருங்கை இலை, பொன்னாங்காணி கொடுக்கலாம். முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுக் கம்பியில் செருகினால் சுண்ணாம்புச் சத்துக்கு வேறொன்றும் வாங்கத் தேவையில்லை. பிஸ்கட், தேத்தண்ணி, சொக்கலேற், உப்புப் போட்டது எதுவும் கூடாது. அவகாடோ அதற்கு நஞ்சு.

திறந்து விடுகிற யோசனையைக் கைவிடுங்கள். ஐரோப்பாவுக்கு 1840இல் உயிருடன் போனதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூட்டுக்குள் வளர்ந்த இனம் இது. வெளியே போனால் காகம் அன்றைக்கே முடித்துவிடும்.

இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குவது, கூட்டின் தரையில் இருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, துவாரமிட்ட பெட்டியில் கொண்டு போங்கள். அடித்தட்டுக் கடதாசியையும் எச்சத்தோடு மடித்து எடுத்துப் போனால் வைத்தியருக்கு உதவும். கூடு துப்புரவாக்கும்போது கடதாசியை நனைத்து எடுங்கள், தூசி பறக்கவிடாதீர்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் குருவி இருக்கிறது என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.