எலி நீந்தி வந்ததா, படகேறி வந்ததா? – கேள்வி பதில்

தீவு எலிகள் ஓரிடம் விட்டு ஓரிடம் பரவுவதை மரபணு வழியாக எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று குமரி மாவட்டத்து நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: மரபணு அடையாளம் என்பது என்ன? எலிக்குக் கழுத்துப் பட்டை மாட்டினால் போதாதா?

டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். 'சிஏசிஏசிஏ' என்று ஓர் எலியில் 14 முறை இருக்கும், பக்கத்து எலியில் 19 முறை. இதற்குப் பெயர் மைக்ரோசாட்டிலைட். ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. பத்துப் பதினைந்து இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வோர் எலிக்கும் தனி முத்திரை கிடைத்துவிடும். பழைய வரலாறு வேண்டுமென்றால் தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்ப்பார்கள்.

பட்டை மாட்டலாம், தப்பில்லை. ஆனால் கடல் தாண்டுவது ஆயிரத்தில் ஏதோ ஓர் எலிதான். நீங்கள் பட்டை மாட்டிய எலியே அதுவாக இருக்க எவ்வளவு அதிர்ஷ்டம் வேண்டும்? மரபணு முத்திரையோ பிறக்கும்போதே எல்லா எலிக்கும் இருக்கிறது.

சின்னமுட்டம், மீனவர்: எலி கடலில் எவ்வளவு தூரம் நீந்தும்? விவேகானந்தர் பாறை வரை போகுமா?

2004இல் நியூசிலாந்தில் எலியே இல்லாத மோட்டுஹோரோபாப்பா என்ற குட்டித் தீவில், ரேடியோ பட்டை மாட்டிய ஒரே ஓர் ஆண் எலியை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே விட்டார்கள். புதிதாக வந்து இறங்கும் எலியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்பதுதான் திட்டம். பொறி வைத்தார்கள், மோப்ப நாயைக் கூட்டிவந்தார்கள், ஒன்றுக்கும் அசையவில்லை. சில வாரங்களில் சிக்னலும் நின்றுபோனது. அப்புறம் 400 மீட்டர் தள்ளியிருந்த ஓட்டாட்டா தீவில் எலிப் புழுக்கை கிடைத்தது. அதிலிருந்த டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால் அதே பயல்! பதினெட்டு வாரம் ஆட்டம் காட்டிவிட்டு, கடைசியில் பென்குவின் இறைச்சி வைத்த பொறியில் மாட்டிக்கொண்டது. கண்ணால் யாரும் பார்க்காத ஒரு நீச்சலைப் புழுக்கை சொல்லிவிட்டது பாருங்கள், இந்த முறையின் பலமே அதுதான்.

அது நார்வே எலி என்ற இனம், கெட்டிக்கார நீச்சல்காரன். நம் ஓட்டுக்கூரையில் ஓடும் வீட்டெலி அந்த அளவுக்கு நீந்தாது. விவேகானந்தர் பாறை அரை கிலோமீட்டர் அளவுதான் என்றாலும் அங்கே கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், பாறைக்கு எலி போவதாக இருந்தால் சாமான் மூட்டையோடு படகேறித்தான் போகும்.

கன்னியாகுமரி, கடைக்காரர்: இப்போது திருவள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலம் போட்டுவிட்டார்களே?

2024 டிசம்பர் 30இல் திறந்தது, 77 மீட்டர் நீளம். இரண்டு பாறையிலும் எலி இருந்தால், இனி மரபணுக் கணக்கில் அவை ஒரே தீவு.

தூத்தூர், விசைப்படகு உரிமையாளர்: எங்கள் படகு கொச்சி, லட்சத்தீவுப் பக்கமெல்லாம் போகிறது. படகில் பிடிபட்ட எலி எங்கே ஏறியது என்று சொல்ல முடியுமா?

முடியும், ஆனால் ஒவ்வொரு இடத்து எலி மாதிரியும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். பிடிபட்ட எலியின் முத்திரை எந்த ஊர்க் கூட்டத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று கணினியில் நிகழ்தகவு போட்டுப் பார்ப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், தேங்காய்ப்பட்டணத்து எலிக்கும் கொச்சி எலிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடல் வழி போதாதென்று லாரியிலும் போய்வருகின்றனவே. தீவு அப்படியில்லை. நாலைந்து எலி போய் இறங்கிப் பெருகினால், அந்த நாலைந்தில் இருந்த மரபணுக்கள்தான் தீவு முழுக்க. தலைமுறை தலைமுறையாக அது இன்னும் விலகிப்போகும். அதனால் லட்சத்தீவில் ஏறிய எலியை அடையாளம் காண்பது ஒப்பீட்டில் எளிது.

இதையே திருப்பிப் போட்டு, எலியை வைத்து மனிதனின் கடற்பயணத்தையும் தேடியிருக்கிறார்கள். பசிபிக் தீவுகளில் குடியேறிய பாலினேசியர்கள் தோணியில் பசிபிக் எலி என்ற இனமும் போனது. அதன் மைட்டோகாண்ட்ரியா கிளைகளைப் பிடித்து, எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு ஆட்கள் போனார்கள் என்று 1990களிலிருந்தே ஆராய்கிறார்கள்.

குலசேகரம், தென்னை விவசாயி: விஷம் வைத்தும் குரும்பையை எலி வெட்டுகிறது. இந்த ஆராய்ச்சியால் எனக்கு என்ன லாபம்?

விஷத்துக்கு அப்புறம் பிடிபடும் எலி, தப்பிப் பிழைத்ததா, வெளியிலிருந்து வந்ததா? முதலாவது என்றால் விஷம் வைத்த விதத்தில் கோளாறு. இரண்டாவது என்றால் எவ்வளவு வைத்தாலும் வீண், வரும் வழியை அடைக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துக் காட்டுவதுதான் மரபணு.

தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் கடல் வரை இறங்கும் பனியாறுகள் எலிக் கூட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தன. பனியைத் தாண்டி எலி கலக்கவில்லை என்று மரபணுவில் தெரிந்ததால் பகுதி பகுதியாக விஷம் தூவ முடிந்தது. 2011இல் தொடங்கி 2015இல் தூவி முடித்தார்கள், 2018இல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள்.

உங்கள் தோப்பு தீவு இல்லை. அடுத்த தோப்பு மட்டை உங்கள் மட்டையில் உரசினால் எலிக்கு அதுதான் பாலம். ஆய்வகத்துக்கு அலையாமல் மட்டையை ஒதுக்கிவிட்டு, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் சுற்றுங்கள்.

மார்த்தாண்டம், ஆய்வு மாணவர்: மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முதலில். காது ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் துண்டு போதும், 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, எந்த எலி எந்த ஊர் என்றே தெரியாமல் போகும். ஒவ்வோர் எலிக்கும் இடையில் கத்தரியைத் தீயில் காட்டுங்கள், இல்லாவிட்டால் முந்தைய எலியின் டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும். ஒரே வளையிலிருந்து பத்து எலி பிடித்து அதை 'குளச்சல் மாதிரி' என்று எழுதாதீர்கள், அது ஒரு குடும்பம். கையுறை இல்லாமல் தொடவே கூடாது, எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

தக்கலை, பெயர் வேண்டாம் என்றவர்: பொறியில் மூஞ்சூறும் விழுகிறது. அதையும் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னி. உடனே திறந்து விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தாலே செத்துப்போகும்.